ஆடிட்டர் மேசையில் ஓர் அடுப்படி டைமர்

உள்ளங்கைக்குள் அடங்கும் வட்ட டைமர். வெள்ளை முகத்தில் 0 முதல் 60 வரை எண்கள், நடுவில் திருகு, ஓரத்தில் சிவப்பாக ஓர் அம்புக்குறி. பேட்டரி கிடையாது. சாவி கொடுத்தால் ஓடும், நேரம் முடிந்ததும் மணி அடிக்கும். கேக் சாமான்கள் விற்கும் கடையொன்றில் 280 ரூபாய்க்கு வாங்கினேன். கம்பெனிப் பெயர் எங்கும் போடவில்லை. அட்டைப்பெட்டியின் மேல் முட்டை வேகிற படம் மட்டும் இருந்தது. என் அலுவலகத்தில் முட்டை வேகவைப்பதில்லை, ஜிஎஸ்டி ரிட்டர்ன்தான் போடுகிறோம். பல மாதங்களாக அது என் மேசையில் ஓடிக்கொண்டிருக்கிறது. வாங்கலாமா என்று கேட்பவர்கள் அதிகமாகிவிட்டதால் எழுதிவைக்கிறேன்.

திருப்பூரில் சிறிய யூனிட்டுகளுக்குக் கணக்குப் பார்ப்பது என் தொழில். நிட்டிங், டையிங், காம்பாக்டிங் (துணி பிறகு சுருங்காதபடி அழுத்திச் சீராக்குவது), செக்கிங், பேக்கிங் என்று பனியன் துணி போகிற வழியெல்லாம் எனக்குக் கட்சிக்காரர்கள் உண்டு. முறைப்படி நான் ஜிஎஸ்டி பிராக்டிஷனர். பட்டயக் கணக்காளர் இல்லை. ஆனால் இந்த ஊரில் கணக்குப் பார்க்கும் எல்லோரும் ஆடிட்டர்தான். மறுத்துப் பயனில்லை.

மாதாமாதம் தாக்கல் செய்பவர்களுக்கு மூன்று தேதிகள் முக்கியம். 11ஆம் தேதிக்குள் விற்பனை விவரம், அதாவது ஜிஎஸ்டிஆர்-1. 14ஆம் தேதி 2பி, அதாவது நமக்குப் பில் போட்டவர்கள் தாக்கல் செய்ததை வைத்து ஜிஎஸ்டி தளம் தரும் கொள்முதல் பட்டியல், வந்து விழும். 20ஆம் தேதிக்குள் வரியைக் கட்டி 3பி என்ற மாதச் சுருக்க ரிட்டர்னைப் போட்டாக வேண்டும். தப்பினால் நாளுக்கு 50 ரூபாய் தாமதக் கட்டணம், கட்டாத வரிக்கு ஆண்டுக்கு 18 சதவீத வட்டி, அதற்கு மேல் கட்சிக்காரரின் முகம். இதில் 14க்கும் 20க்கும் நடுவில் செய்கிற வேலைக்குத்தான் தலை வேண்டும். கொள்முதல் கணக்கையும் 2பியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பில் பில்லாக ஒத்துப் பார்க்க வேண்டும். 2பியில் தெரியாத பில்லுக்கு உள்ளீட்டு வரி எடுக்க, அதாவது கொள்முதலில் கொடுத்த வரியைக் கட்ட வேண்டிய வரியில் கழித்துக்கொள்ள, 2022 ஜனவரியிலிருந்து வழியில்லை.

ஒரு காம்பாக்டிங் பில்லை எடுத்துக்கொள்ளுங்கள். கூலி 18,900 ரூபாய். 5 சதவீத வரி 945. மத்திய அரசுக்கு 472.50, மாநில அரசுக்கு 472.50. என் கட்சிக்காரர் கணக்கில் அப்படியே ஏறியிருக்கிறது. பில் கொடுத்தவரோ இரண்டையும் 473 ஆக்கி ரிட்டர்ன் போட்டிருக்கிறார். பில் எண் இங்கே 45, அங்கே 0045. தேதியும் ஒரு நாள் முன்பின். கணினியில் பொருத்திப் பார்த்தால் இரண்டும் வேறு வேறு பில் என்று சொல்லிவிடும். ஆள் உட்கார்ந்து, அந்த மாதத்தில் அதே காம்பாக்டிங்காரர் போட்ட மற்ற பில்களையெல்லாம் ஒதுக்கி, மிஞ்சியது இது ஒன்றுதான், ஆகவே இரண்டும் ஒன்றே என்று முடிவுக்கு வர வேண்டும். டிக் அடிக்கப் பேனாவை வைக்கும்போது ஃபோன் அடிக்கும். "அம்மிணி, ஒரே நிமிடம்தான், நம்ம பான் நம்பர் சொல்லுங்க." சொல்லிவிட்டுத் திரும்பினால் எதை ஒதுக்கினேன், எதை வைத்தேன் என்பது போயிருக்கும். மறுபடி மேலிருந்து ஆரம்பிக்க வேண்டும்.

இதற்கு ஃபோனிலேயே வழி இருக்கிறதே என்பார்கள். இருக்கிறது. தொந்தரவு செய்யாதே என்ற அமைப்பைப் போட்டுவைத்தால் அழைப்பு ஒலிக்காது. ஆனால் அதே ஆள் திரும்ப அழைத்தால், ஏதோ அவசரம் என்று எண்ணி உள்ளே விடுகிற விதிவிலக்கு ஒன்று அதில் இருக்கிறது. ஆண்ட்ராய்டில் 15 நிமிடத்துக்குள், ஐபோனில் 3 நிமிடத்துக்குள் இரண்டாவது அழைப்பு வந்தால் போதும். இதை வடிவமைத்தவர்கள் திருப்பூர் பக்கம் வந்ததே இல்லை போலும். இங்கே யாரும் ஒரு முறை மட்டும் அழைப்பதில்லை. அந்த விதிவிலக்கை அணைத்துவைக்கலாம்தான். அப்போது அழைத்தவர் மாடிப்படி ஏறி நேரிலேயே வந்து நிற்பார்.

டைமர் செயலிகளையும் பார்த்தேன். கவனமாக இருந்தால் திரையில் மரம் வளரும் என்கிற செயலி பிள்ளைகளுக்குப் பிடிக்கலாம். எனக்கு அதில் உள்ள சிக்கல் எளிமையானது: நேரத்தைக் குறிக்க ஃபோனைக் கையில் எடுக்க வேண்டும். எடுத்தால் வாட்ஸ்அப்பில் பக்கவாட்டில் படுத்துக் கிடக்கும் பில் படங்கள் கண்ணில் படும். தங்கம் விலையையும் ஒரு பார்வை பார்த்துவிடலாம் என்று கை போகும். கலிபோர்னியாவில் குளோரியா மார்க் என்ற பேராசிரியர் பல ஆண்டுகளாக அலுவலகங்களில் மக்களின் கவனத்தை அளந்து பார்த்திருக்கிறார். ஒருவர் பார்வை ஒரே திரையில் நிலைக்கும் நேரம் 2004இல் சராசரியாக இரண்டரை நிமிடம். பிற்பாடு அது 47 வினாடிக்கு இறங்கிவிட்டது என்பது அவர் கண்டது. என்னைச் சுட்டது அந்த எண்ணைவிட இன்னொன்று. வேலை முறிவதில் ஏறக்குறையப் பாதி, வெளியாள் யாருமே இல்லாமல் நாமே முறித்துக்கொள்வதாம். ஆகவே குற்றத்தை முழுக்கக் கட்சிக்காரர் தலையில் கட்ட முடியாது.

இனி இந்த டைமர். திருப்பும் விதம் தெரியாமல் பலர் இதைக் குறை சொல்கிறார்கள். நேராக 20க்குத் திருப்பி விட்டுவிட்டால் உள்ளே ஸ்பிரிங் போதுமான அளவு முறுகாது. மணி அடிக்காமலே நின்றுவிடலாம். 60 வரை முழுக்கத் திருப்பி, பிறகு வேண்டிய எண்ணுக்குக் கொண்டுவர வேண்டும். அப்போது கரகரவென்று ஒரு சத்தம் வரும். எங்கள் அலுவலகப் பெண்ணுக்கு அதுவே உத்தரவு. எழுந்து வந்து என் ஃபோனை எடுத்துக்கொண்டு தன் மேசைக்குப் போய்விடுவாள்.

ஓடும்போது டிக் டிக் என்று கேட்டுக்கொண்டே இருக்கும். கண்ணாடி மேசையில் வெறுமனே வைத்தால் அந்த ஓசை இரண்டு மடங்காகத் தெரியும், மண்டைக்குள் அடிக்கும். நான் பனியன் வேஸ்ட் துணியை நான்காக மடித்து அடியில் வைத்திருக்கிறேன். எங்கள் ஊரில் அதற்குப் பஞ்சமில்லை. இப்போது ஓசை காதில் விழுகிறது, தொந்தரவு செய்யவில்லை. ஓசையே ஆகாதவர்கள் இதை வாங்க வேண்டாம். பேட்டரியில் ஓடும் டிஜிட்டல் டைமர்கள் ஓசையில்லாமல் ஓடும், விலையும் கிட்டத்தட்ட இதேதான்.

ஆனால் அந்த டிஜிட்டல் டைமரில் இல்லாத ஒன்று இதில் உண்டு. மேசைக்கு எதிர்ப்பக்கம் நிற்பவருக்கும் எவ்வளவு மிச்சம் என்று தெரியும். முகத்தை வாசல் பக்கம் திருப்பி வைத்திருக்கிறேன். வேலையாக இருக்கிறேன் என்று வாயால் சொன்னால், அது தன்னைத் தவிர மற்றவர்களுக்குச் சொன்னது என்றுதான் எல்லோரும் எடுத்துக்கொள்கிறார்கள். டைமர் 18 என்று காட்டினால் கோபித்துக்கொள்ள ஆள் இல்லை. டையிங் யூனிட் வைத்திருக்கும் பெரியவர் ஒருவர், என் அப்பாவைத் தெரிந்தவர், முன்பெல்லாம் வந்தால் எதிர் நாற்காலியில் அமர்ந்து பேச்சை ஆரம்பித்துவிடுவார். அவரிடம் முகத்தில் அடித்தாற்போல் எதுவும் சொல்ல முடியாது. இப்போது டைமரை எட்டிப் பார்க்கிறார், "இன்னும் 18 நிமிடமா? கீழே போய் ஒரு டீ சாப்பிட்டு வந்துவிடுகிறேன் அம்மிணி" என்று இறங்கிவிடுகிறார். எப்போது முடியும் என்று தெரிந்தால் மனிதர்கள் காத்திருக்கத் தயங்குவதில்லை. அதைச் சொல்லாமல் காக்கவைப்பதுதான் எரிச்சல். 280 ரூபாயில் நான் வாங்கியது இதைத்தான் என்று நினைக்கிறேன்.

அவரே இதன் குறையையும் காட்டிக்கொடுத்தார். ஒரு நாள் டீ குடித்துத் திரும்பியும் முள்ளில் நான்கைந்து நிமிடம் பாக்கி இருந்தது. நான் குனிந்து எழுதிக்கொண்டிருந்தபோது ஒற்றை விரலால் திருகைச் சுழியத்துக்குத் தள்ளிவிட்டார். மணி அடித்தது. "அடித்துவிட்டது அம்மிணி" என்று நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார். பூட்டு என்று எதுவும் இதில் கிடையாது. யார் கையும் இதைத் திருப்பும்.

நேரமும் துல்லியமாக இருக்காது. 50 நிமிடம் வைத்தால் சுவர்க் கடிகாரத்தோடு ஒரு நிமிடம், ஒன்றரை நிமிடம் முன்பின் போகும். என் வேலைக்கு அது பொருட்டில்லை. கேக் செய்பவர்களுக்கு எப்படியோ.

எவ்வளவு நேரம் வைப்பது என்பதில்தான் எனக்குக் கருத்து வேற்றுமை உண்டு. இந்த முறையைப் பிரபலமாக்கியவர் பிரான்செஸ்கோ சிரில்லோ என்ற இத்தாலியர். 1980களின் இறுதியில் மாணவராக இருந்தபோது தக்காளி வடிவச் சமையலறை டைமர் ஒன்றை வைத்து 25 நிமிட வேலை, 5 நிமிட ஓய்வு, நான்கு சுற்று முடிந்தால் நீண்ட ஓய்வு என்று வகுத்துக்கொண்டார். மேசையில் சமையலறை டைமர் வைப்பது நான் கண்டுபிடித்த கோமாளித்தனம் இல்லை என்பதற்காகச் சொல்கிறேன். ஆனால் அந்த 25 நிமிடம் எனக்குச் சரிப்படவில்லை. ஒரு யூனிட்டின் கணக்கைத் திறந்து, வங்கிப் பட்டியலை எடுத்து, போன மாத மிச்சத்தைப் பார்த்து, எங்கே நிற்கிறோம் என்று பிடிபடவே பத்து நிமிடம் ஆகும். சூடு பிடிக்கும்போது மணி அடித்தால் அதுவே ஓர் இடைஞ்சல். நான் 50 வைக்கிறேன், பிறகு பத்து நிமிடம் எழுந்து நடக்கிறேன். வவுச்சர் பதிவு செய்யும் பெண்ணுக்கு 25தான் பொருந்துகிறது. அது கண்ணும் விரலும் களைத்துப்போகிற வேலை. அடிக்கடி நிறுத்தினால்தான் தப்பு குறைகிறது. வேலையைப் பார்த்து நேரத்தை வையுங்கள், புனித எண் என்று எதுவும் இல்லை.

எல்லா அழைப்பையும் காக்கவைக்கவும் முடியாது. தமிழ்நாட்டுக்குள் சரக்கு மதிப்பு ஒரு லட்சத்தைத் தாண்டினால், வெளிமாநிலத்துக்கு 50,000ஐத் தாண்டினால், இ-வே பில், அதாவது சரக்கோடு போக வேண்டிய இணையச் சீட்டு, இல்லாமல் வண்டி கிளம்பக் கூடாது. லோடு ஏற்றிய வண்டி கம்பெனி வாசலில் நிற்கும்போது, ஆடிட்டர் டைமர் வைத்திருக்கிறார் என்று டிரைவரிடம் சொல்ல முடியுமா? ஆகவே ஃபோனை எடுத்துக்கொண்டு போகும் பெண்ணுக்கு ஒரே ஒரு கேள்வி சொல்லிக்கொடுத்திருக்கிறேன்: "வண்டி நிற்கிறதா அண்ணா?" நிற்கிறது என்றால் இ-வே பில்லை அவளே போட்டுக் கொடுத்துவிடுவாள். இல்லை என்றால், எத்தனை மணிக்கு நான் திரும்ப அழைப்பேன் என்று சொல்லி, நோட்டில் எழுதிக்கொள்வாள். சொன்ன மணிக்கு அழைத்தே ஆக வேண்டும். அதில் ஒரு முறை தவறினால் அடுத்த முறை அந்த அண்ணா வண்டி நிற்கிறது என்றுதான் சொல்வார்.

ஓடிபி விவகாரத்தை டைமர் தீர்க்காது. 3பியைச் சமர்ப்பிக்கும்போது ஓடிபி கட்சிக்காரரின் ஃபோனுக்குப் போகும், சில நிமிடங்களில் காலாவதியாகிவிடும். அவர் அந்த நேரம் மெஷின் சத்தத்துக்கு நடுவில் இருப்பார், அல்லது பைக்கில் போய்க்கொண்டிருப்பார். இதை அமைதி நேரத்துக்குள் கலந்தால் இரண்டும் கெடும். முற்பகலில் கதவு சாத்திய இரண்டு சுற்று, நண்பகல் 12 மணிக்கு மேல் ஓடிபி வாங்குவது மட்டும் என்று பிரித்துவிட்டேன். யாருக்கு எந்த நேரம் என்று காலையிலேயே செய்தி போய்விடும். 20ஆம் தேதியன்று மட்டும் இந்த ஒழுங்கெல்லாம் செல்லாது. அன்றைக்கு டைமர் அலமாரிக்குள் இருக்கும்.

யாருக்கு இது உதவாது என்றும் சொல்லிவிடுகிறேன். தனி அறையில் தனியாக வேலை செய்பவருக்கு இதன் பாதிப் பலன் வீண். பார்க்க ஆள் வேண்டும். கவுன்டரில் உட்கார்ந்து வருகிறவர்களைக் கவனிப்பதே வேலையாக உள்ளவர்கள் இதை வைத்தால் திட்டு விழும். வரிசையாக மேசை போட்ட பெரிய அலுவலகத்தில் நாலைந்து டைமர் ஒரே நேரத்தில் டிக் டிக் என்று ஓடினால் யாராவது ஒருவர் எடுத்து ஜன்னல் வழியே எறிந்துவிடுவார். எங்களைப் போல மூன்று நாலு பேர், படியேறி வருகிற கட்சிக்காரர்கள், தலை கொடுத்துச் செய்ய வேண்டிய வேலை என்று இருக்கும் இடத்துக்கு இது ரொம்பப் பொருத்தம். வக்கீல் அலுவலகம், பத்திரம் எழுதுபவர், டிசைன் போடுகிறவர் எல்லோரும் வைத்துப் பார்க்கலாம். என் மதிப்பெண் ஐந்துக்கு நான்கு. யாரும் திருப்பிவிட முடியாதபடி ஒரு கொக்கி வைத்திருந்தால் முழுசாகக் கொடுத்திருப்பேன்.

இணையத்தில் வாங்குவதைவிட நேரில் வாங்குவது நல்லது. உத்தரவாத அட்டை எதுவும் தர மாட்டார்கள், ஒரே பெட்டியில் வருகிறவற்றுள்ளும் சில மணி அடிப்பதே இல்லை. கடையிலேயே 60 வரை முறுக்கி, 5க்குக் கொண்டுவந்து வைத்துவிட்டு மற்ற சாமான்களைப் பாருங்கள். கடைக்காரர் முகத்தைச் சுளித்தாலும் மணி அடிக்கிற வரை பணத்தை எடுக்காதீர்கள்.