பிரிட்ஜ் பிளேட்டை மாற்றிவிட்டதாகச் சொன்னார். பழையது உள்ளே அப்படியே இருந்தது

18 ஆண்டுகளாக வாசித்துவரும் என் அக்கூஸ்டிக் கிட்டாரை ஒரு பழுதுபார்ப்பவரிடம் நம்பிக் கொடுத்து ஏமாந்தேன். அவர் யார் என்று எழுதப் போவதில்லை. அவர் செய்த வேலையை மட்டும் விடாமல் எழுதுகிறேன், ஏனென்றால் இது கிட்டாரின் வயிற்றுக்குள் நடக்கும் வேலை. வெளியிலிருந்து பார்ப்பவருக்கு ஒன்றும் தெரியாது.

கிட்டாரின் மேல்பலகையில் ஒட்டியிருக்கும், கம்பிகள் வந்து முடியும் மரக்கட்டைதான் பிரிட்ஜ். கம்பி நுனிகளை அதன் துளைகளில் இறுக்கிப் பிடிக்கும் சிறு முளைகள்தான் பின்கள். முதலில் ஆறாவது, ஐந்தாவது கம்பிகளின் பின்கள் எழும்பத் தொடங்கின. கட்டைவிரலால் எவ்வளவு அழுத்தினாலும், சுருதி ஏற்றும்போது மறுபடி மேலே வந்தன. கம்பியின் நுனியருகே இரட்டையாகச் சுற்றிய தடித்த பகுதி பிரிட்ஜுக்குள் மறைந்திருக்க வேண்டும். அது சேடிலின் மேலேயே, அதாவது பிரிட்ஜின் மேல் கம்பிகளைத் தாங்கும் மெல்லிய பட்டையின் மேலேயே வந்து உட்கார்ந்துகொண்டது. ஒலியும் மங்கியது. பிரிட்ஜ் பிளேட் தேய்ந்தால் இப்படித்தான் ஆகும். பிரிட்ஜுக்கு நேர் கீழே, மேல்பலகையின் உட்புறத்தில் ஒட்டியிருக்கும் மெல்லிய கடின மரத் தகடு அது. பெரும்பாலும் மேப்பிள் அல்லது ரோஸ்வுட். கம்பி நுனியிலுள்ள உலோகக் குண்டு அந்தத் தகட்டில்தான் முட்டி நிற்கிறது. லைட் எனப்படும் மெல்லிய வகைக் கம்பிகள் ஆறும் சேர்ந்து 70 கிலோவுக்கு மேல் இழுக்கின்றன. மேல்பலகையோ 3 மில்லிமீட்டர் அளவுள்ள மென்மரம். தகட்டின் துளைகள் ஆண்டுக்கணக்கில் அரிக்கப்பட்டால் குண்டு மேலேறி, அந்த மென்மரத்தையே கடிக்கத் தொடங்கிவிடும்.

ஆகவே பழுதுபார்க்கக் கொடுத்ததில் தவறில்லை. கொடுத்த இடம்தான் தவறு.

அவர் கண்ணாடி எதுவும் வைத்துப் பார்க்கவில்லை. ஒலித்துளை வழியாகக் கையை விட்டுத் தடவினார். "தம்பி, பிளேட் முழுக்கப் போய்விட்டது. ஓட்டையை அடைத்தால் ஒரு மாதம்கூடத் தாங்காது. பழையதைக் கழற்றிவிட்டுப் புது மேப்பிள் போட வேண்டும்" என்றார். நான் சரி என்றேன். அதற்குரிய கூலியையும் முன்பணமாகவே கேட்டு வாங்கிக்கொண்டார்.

இரண்டு வாரம் என்றது இரண்டு மாதம் ஆனது. கிட்டார் திரும்பி வந்தபோது பின்கள் நேராக நின்றன. ஆனால் வாசித்ததும் மனம் துணுக்குற்றது. கீழ்ச்சுருதி தரும் தடித்த கம்பிகளில் இருந்த ஆழம் போய்விட்டது. அட்டைப் பெட்டியைத் தட்டுவதுபோல் ஒலித்தது. "புது மரம், பழக வேண்டும்" என்றார். நானும் பழகும் என்று காத்திருந்தேன். ஆறு வாரத்தில் ஆறாவது கம்பியின் பின் தெறித்து என் மேல் விழுந்தது.

பிறகு வேறொருவரிடம் போனேன். அவர் முதலில் செய்தது, சிறு விளக்கையும் வளைகண்ணாடியையும் உள்ளே விட்டு என்னையும் பார்க்கச் சொன்னதுதான். பழைய பிளேட் அதே இடத்தில் இருந்தது! அதன் மேல் 6 மில்லிமீட்டர் ஒட்டுப்பலகைத் துண்டு ஒன்றை எபாக்சி என்ற கெட்டியாக இறுகும் பசையை ஊற்றி அப்பியிருந்தார் முதலாமவர். மேப்பிள் என்ற பேச்சுக்கே இடமில்லை. அந்தத் துண்டு அகலமாக இருந்ததால், அதை நுழைக்க எக்ஸ் வடிவத் தாங்குகட்டையின் ஒரு காலையும் செதுக்கியிருந்தார். எனக்கு இன்றும் பொறுக்காதது அந்தச் செதுக்கல்தான். மேல்பலகை வளையாமல் காக்கும் எலும்பு அது.

அந்தப் பின் ஏன் தெறித்தது என்பதையும் இரண்டாமவர் விளக்கினார். அடிப்புறம் அவ்வளவு தடித்துப்போனதால் பின்னின் முனை மட்டும்தான் மறுபுறம் எட்டிப் பார்த்தது. குண்டு பக்கவாட்டில் நகர்ந்து பலகையில் பதிய முடியாமல், பின்னின் அடியிலேயே சிக்கி அதை மேலே தள்ளியிருக்கிறது. ஒலி செத்ததற்கும் அந்தத் தடிமன்தான் காரணம். பிரிட்ஜுக்கு அடியில் எடை கூடினால் மேல்பலகை தாராளமாக அதிராது. அமெரிக்கக் கிட்டார் நிறுவனமான மார்ட்டினே 1960களின் இறுதியில் பெரிய ரோஸ்வுட் தகடுகளுக்கு மாறி, 1988இல் சிறிய மேப்பிள் தகட்டுக்குத் திரும்பியது. "பெரிதாகப் போட்டுப் பலப்படுத்தியிருக்கிறேன்" என்று யாராவது சொன்னால் மகிழ்ந்துவிடாதீர்கள்.

ஒட்டுப்பலகையைப் பெயர்க்க அவருக்கு மூன்று நாள் பிடித்தது. விலங்குப் பசையாக இருந்தால் சூடும் ஈரமும் காட்டினால் இளகிக் கொடுக்கும். எபாக்சி அப்படி விடாது. கூடவே மென்மரத்தின் நாரையும் சிறிது பிய்த்துக்கொண்டு வந்தது. அடியில் கிடந்த பழைய பிளேட்டில் நான்கு துளைகள் மட்டுமே தேய்ந்திருந்தன. ஒவ்வொன்றையும் வட்டமாகக் குடைந்து, தகட்டின் நார் ஓடும் திசைக்கே பொருந்த மேப்பிள் அடைப்புகளை வெட்டி ஒட்டி, மறுபடி துளையிட்டார். ஒரு மாதம்கூடத் தாங்காது என்று சொல்லப்பட்ட அதே வேலைதான் இது. போட்டு ஓராண்டுக்கு மேல் ஆகிறது, ஒரு பின்னும் அசையவில்லை.

இந்த வேலைக்குக் கிட்டாரைக் கொடுக்கும் முன் கம்பிகளைத் தளர்த்தி, கைப்பேசியில் காணொளியை ஓடவிட்டு, விளக்கை எரியவைத்து, ஒலித்துளை வழியாகப் பிரிட்ஜின் அடிப்பகுதியைப் பதிவு செய்துகொள்ளுங்கள். திரும்ப வாங்கும்போது அவர் எதிரிலேயே மறுபடி பதிவு செய்யுங்கள். பிளேட்டை மாற்றியதாகச் சொன்னால் கழற்றிய பழைய தகட்டைக் கேளுங்கள். உடைந்த சில்லுகளாக வந்தாலும் பரவாயில்லை, கேளுங்கள். முதலாமவரிடம் நான் கேட்டபோது "குப்பையில் போட்டுவிட்டேன்" என்றார், நானும் விட்டுவிட்டேன். எந்தப் பசை என்றும் கேளுங்கள். எபாக்சி என்ற சொல் வந்தால் கிட்டாரை எடுத்துக்கொண்டு வந்துவிடுங்கள். எல்லாக் கிட்டாருக்கும் பிளேட் மாற்றவே கூடாது என்று நான் சொல்லவில்லை. தகடு நீளவாக்கில் பிளந்திருந்தால் மாற்றித்தான் ஆக வேண்டியிருக்கும். ஆனால் உள்ளே பார்க்காமலே அந்த முடிவுக்கு வருகிறவரிடம் கொடுக்காதீர்கள்.

செதுக்கிய தாங்குகட்டைக்கு மரம் ஒட்டியாகிவிட்டது. தடித்த கம்பிகளின் ஆழம் பெரும்பகுதி திரும்பிவிட்டது, முழுதும் இல்லை. கண்ணாடியில் எடுத்த படங்களையெல்லாம் முதலாமவருக்கு அனுப்பி, வாங்கிய பணத்தைத் திருப்பித் தரும்படி கேட்டேன். "ஒலி வருகிறது அல்லவா தம்பி?" என்று ஒரே ஒரு பதில் வந்தது. அதற்குப் பிறகு என் அழைப்பை அவர் எடுப்பதில்லை.