பசுமைக் கட்டடம் என்று சொல்லி ஒரு கண்ணாடிப் பெட்டி

சொந்தமாக அலுவலகம் கட்டப்போகும் சின்ன, நடுத்தரக் கம்பெனிக்காரர்கள் இதை ஒருமுறை படித்துவிடுங்கள். எங்கள் கம்பெனியில் நிர்வாகப் பொறுப்பு என்னுடையது. சென்னை ஓஎம்ஆரில் நான்கு மாடிக் கட்டடம். வடிவமைப்பு, மேற்பார்வை, பசுமைச் சான்றிதழ் மூன்றும் ஒரே ஆலோசனை நிறுவனத்தின் பொறுப்பு. பெயர் போட வேண்டாம் என்று வக்கீல் சொல்லியிருக்கிறார்.

முதல் கூட்டத்தில் அவர்கள் காட்டிய படங்கள் பிரமாதம். ஹைதராபாத்தில் இருக்கும் சிஐஐ-சொராப்ஜி கோத்ரெஜ் பசுமை வணிக மையம். அமெரிக்காவுக்கு வெளியே முதன்முதலில், 2003-ல், லீட் என்ற அமெரிக்கப் பசுமைச் சான்றிதழில் உச்சப் படியான பிளாட்டினம் வாங்கிய கட்டடம். 2004-ல் கலாம் திறந்து வைத்தார். நடுவில் முற்றம், காற்றை இறக்கும் கோபுரங்கள், வெயிலைச் சலித்து அனுப்பும் ஜாலிச் சுவர், மாடி மேல் புல்வெளி. "இதே கான்செப்ட்தான் சார் உங்களுக்கும்" என்றார்கள். எங்களுக்குக் கிடைத்ததில் முற்றமும் இல்லை, ஜாலியும் இல்லை. முகப்பு முழுக்கக் கண்ணாடி, வரவேற்பறையில் ஒரு செடிச் சுவர். அந்தச் செடிகளும் முதல் கோடையிலேயே காய்ந்துபோய், இப்போது பிளாஸ்டிக் இலை.

ஓஎம்ஆர் ஏறக்குறைய வடக்கு தெற்காக ஓடும் சாலை. கிழக்குப் பக்கத்து மனைகளுக்குச் சாலை மேற்கே இருக்கும். எங்கள் மனை அப்படித்தான். சாலையில் போகிறவர்களுக்கு அழகாகத் தெரியவேண்டும் என்று கண்ணாடியை அங்கே வைத்தால், சாயங்கால வெயில் முழுக்க அதன் மேல்தான். மேற்கு வெயில் தாழ்வாக வருவதால் சன்ஷேட் அதைத் தடுக்காது. வெளியே செங்குத்துத் தடுப்போ ஜாலியோ வேண்டும். இதைக் கேட்டபோது, "கண்ணாடியே வெயிலைப் பார்த்துக்கொள்ளும், விதிப்படிதான் செய்கிறோம்" என்றார்கள்.

விதி என்ன? மத்திய அரசின் எரிசக்திச் சிக்கனக் கட்டட விதி, 2017-ல் திருத்தியது. அந்தப் பதிப்பின்படி வெளிச்சுவரில் கண்ணாடி 40 சதவீதத்துக்கு மேல் கூடாது. நம் ஊர்ப் பக்கம் கண்ணாடியின் எஸ்ஹெச்ஜிசி 0.27-ஐத் தாண்டக்கூடாது, அதாவது அதன் மேல் படும் வெயில் வெப்பத்தில் சுமார் நாலில் ஒரு பங்குதான் உள்ளே வரலாம். இந்த 40 சதவீதம் நாலு பக்கச் சுவரையும் சேர்த்துப் பார்க்கும் கணக்கு. மற்ற பக்கங்களில் ஜன்னலைக் குறைத்துவிட்டு மேற்கை முழுக்கக் கண்ணாடியாக்கினாலும் காகிதத்தில் தேறிவிடும். அதைத்தான் செய்திருக்கிறார்கள்.

சரி, கண்ணாடியாவது சொன்ன கண்ணாடியா? பிஓக்யூவில், அதாவது பொருள், அளவுப் பட்டியலில், இரட்டைக் கண்ணாடி, லோ-ஈ பூச்சு (வெப்பத்தைத் திருப்பி அனுப்பும் மெல்லிய பூச்சு), எஸ்ஹெச்ஜிசி 0.25 என்று இருந்தது. பக்கத்திலேயே இரண்டு வார்த்தை: "ஆர் ஈக்விவலன்ட்", அதாவது அல்லது அதற்குச் சமமானது. சாம்பிள் துண்டில் எங்கள் கையெழுத்தும் வாங்கினார்கள். குடிபோன பிறகு, மதியம் மூன்று மணிக்கு மேல் அந்தப் பக்கம் உட்காரவே முடியவில்லை. திரையை இறக்கிவிட்டுப் பட்டப்பகலில் லைட் போட்டு வேலை பார்க்கிறோம். வெளிச்சத்துக்காக வைத்த கண்ணாடியாம்! ஏசியை நல்ல கண்ணாடிக்குக் கணக்குப் போட்டு வாங்கியிருந்ததால் அதுவும் திணறியது. மேற்கு வரிசைக்கு மட்டும் தனியாக ஸ்பிளிட் ஏசி மாட்டினோம்.

வெளியிலிருந்து வந்த ஒரு முகப்புப் பொறியாளர் லைட்டரைக் கண்ணாடி முன்னால் பிடித்துக் காட்டினார். இரட்டைக் கண்ணாடியில் சுடர் நாலாகத் தெரியும். லோ-ஈ பூச்சு இருந்தால் அதில் ஒன்று நிறம் மாறித் தெரியும். எங்களுடையதில் நாலும் ஒரே நிறம். சாம்பிள் துண்டு ஸ்டோர் ரூமில் கிடந்தது. அதில் பிடித்தால் ஒரு சுடர் நிறம் மாறியது. வெறும் நிறக் கண்ணாடியை மாட்டிவிட்டு, "ஈக்விவலன்ட்தானே" என்கிறார்கள்.

சோலாரும் தண்ணீர்த் தொட்டிக்கு வடக்கே. மார்கழி, தை மாதங்களில் தொட்டியின் நிழல் முன்வரிசையில் விழுகிறது. பேனல்கள் தொடராக இணைந்திருப்பதால் இரண்டு பேனலில் நிழல் பட்டாலும் அந்த வரிசையின் உற்பத்தியே அடிபடும்.

அப்புறம் சான்றிதழ். கட்டும்போதே வாசலில் "பிளாட்டினம்" என்று பெரிய போர்டு. ஓரத்தில் பொடி எழுத்தில் "ப்ரீ-சர்டிஃபைடு". இந்தியப் பசுமைக் கட்டடக் கவுன்சிலில் பதிவு செய்வது ஒன்று, வரைபடத்தை வைத்து வாங்கும் முன்சான்று ஒன்று, கட்டி முடித்து பில், போட்டோ, பொருள்களின் தரத் தாள் எல்லாம் கொடுத்து வாங்கும் சான்றிதழ் வேறு. மூன்றாவது எங்களுக்கு இன்னும் வரவில்லை. கேட்டால் முதலில் கூடுதல் கட்டணம் கேட்டார்கள். தருகிறோம், கண்ணாடி வாங்கிய பில்லைக் காட்டுங்கள் என்றோம். அதோடு போனை எடுப்பது நின்றுவிட்டது.

நுகர்வோர் நீதிமன்றம் போகச் சொன்னார்கள் நண்பர்கள். வணிக நோக்கத்துக்காக வாங்கிய சேவை என்பதால் 2019 சட்டப்படி நாங்கள் அங்கே நுகர்வோர் ஆகமாட்டோம். ஒப்பந்தப்படி ஆர்பிட்ரேஷன்தான் (கோர்ட்டுக்கு வெளியே நடுவர் முன் வழக்கு), நோட்டீஸ் போயிருக்கிறது. கையில் இருக்கும் ஒரே பிடி, கொடுக்காமல் வைத்திருக்கும் ரிடென்ஷன் தொகை. உங்கள் ஒப்பந்தத்தில் அதை இறுதிச் சான்றிதழோடு முடிச்சுப் போடுங்கள். "ஆர் ஈக்விவலன்ட்" வரும் இடமெல்லாம் "உரிமையாளர் எழுத்தில் ஒப்புக்கொண்டால் மட்டும்" என்று சேர்க்கச் சொல்லுங்கள். கண்ணாடி சைட்டில் இறங்கும் அன்றே லைட்டரோடு போய் நில்லுங்கள்.

இப்போது கான்ட்ராக்டர் சன் ஃபிலிம் ஒட்டித் தருகிறேன் என்கிறார். இரட்டைக் கண்ணாடியில் ஃபிலிம் ஒட்டினால் சூடேறி விரிசல் விடும் ஆபத்து உண்டு என்கிறார் அந்தப் பொறியாளர், அதனால் அதற்கும் சம்மதிக்கவில்லை. வெளியே அலுமினியத் தடுப்பு மாட்ட கொட்டேஷன் வாங்கிக்கொண்டிருக்கிறோம். கட்டி முடித்த கட்டடத்தில் அதை மாட்டிய அனுபவம் உள்ளவர்கள் இருந்தால் விவரம் சொல்லுங்கள்.