ஸ்கேனர் கம்ப்யூட்டரோடு சொந்த மென்பொருளைச் சேர்த்து ஓட்டிய அனுபவம்

சிடி ஸ்கேனரை இயக்கும் கம்ப்யூட்டரான கன்சோலிலேயே, படத்தின் இரைச்சலை (புள்ளிப் புள்ளியாகத் தெரியும் மாசை) குறைக்கும் நம் மென்பொருளை ஏற்றிவிடலாமா என்று இன்னமும் பலர் கேட்கிறார்கள். வேண்டவே வேண்டாம். அது சோதித்து அனுமதி வாங்கிய மருத்துவக் கருவி; அதில் கை வைத்தால் சர்வீஸ் ஒப்பந்தத்துக்கே சிக்கல் வரலாம். பக்கத்தில் ஒரு லினக்ஸ் கம்ப்யூட்டரை வைத்து, அதில் மருத்துவப் படங்களை வாங்கிச் சேமிக்கும் ஆர்த்தாங்க் என்ற திறந்தமூல சர்வரை ஓடவிட்டு, ஸ்கேனரைப் படங்களை டைகாம் (மருத்துவப் படங்களுக்கான பொதுத் தரமுறை) வழியாக அதற்கு அனுப்பச் சொல்வதுதான் பல வருடங்களாக எனக்குக் கைகொடுக்கும் வழி.

ஒரு சீரிஸுக்கு (ஒரே தொடராக எடுத்த படங்களின் தொகுப்புக்கு) 60 விநாடி புதிதாகப் படம் எதுவும் வராவிட்டால், அது முழுதாக வந்துவிட்டது என்று ஆர்த்தாங்க் எடுத்துக்கொள்ளும். உடனே என் பைத்தான் நிரல் இரைச்சலைக் குறைத்துப் புதிய சீரிஸாகத் திருப்பி அனுப்பும்.

அல்காரிதம் எழுதுவதைவிட ஹெடரை, அதாவது படத்தோடு வரும் விவரக் குறிப்பை, சரியாக எழுதுவதுதான் பெரிய வேலை. சீரிஸின் தனி அடையாள எண்ணான சீரிஸ் யூஐடி புதிதாக இருக்க வேண்டும். முழுப் பரிசோதனையைக் குறிக்கும் ஸ்டடி யூஐடியும், படங்களின் இட அளவை ஒன்றுக்கொன்று பொருத்தும் ஃபிரேம் ஆஃப் ரெஃபரன்ஸ் யூஐடியும் மாறக் கூடாது. மாறினால் மூலப் படத்தையும் நம் படத்தையும் ஒன்றாக நகர்த்திப் பார்க்க முடியாமல் போகும். சேமித்த எண்ணை உண்மை அளவாக மாற்றும்போது கூட்டும் எண்ணான ரீஸ்கேல் இன்டர்செப்ட் தவறினால் இன்னும் மோசம்: தண்ணீர் 0, காற்று -1000 என்று இருக்க வேண்டிய ஹவுன்ஸ்ஃபீல்டு எண்கள் (சிடி படத்தின் அடர்த்தி அளவு) மொத்தமாக நகர்ந்துவிடும், கண்ணுக்கோ படம் அழகாகவே தெரியும். அதனால் நிரலில் எதை மாற்றினாலும் முதலில் தண்ணீர் ஃபேன்டமின் (தண்ணீர் நிரப்பிய சோதனைப் பொருளின்) படத்தை அனுப்பி எண்ணைப் பார்த்துவிடுவேன்.

இரைச்சல் குறைப்பை நம்பலாமா என்று அறிய நான் செய்யும் சோதனை ஒன்று உண்டு. மூலப் படத்திலிருந்து நம் படத்தைக் கழியுங்கள். மிச்சத்தில் வெறும் புள்ளிகள்தான் தெரிய வேண்டும். விலா எலும்பின் விளிம்போ ரத்தக்குழாயின் கோடோ தெரிந்தால், இரைச்சலோடு சேர்ந்து உடற்கூறும் போகிறது; ஒரு சிறிய கட்டியும் அப்படித்தான் போகும். மூலப் படம் இல்லாமல் நம் படத்தை மட்டும் டாக்டரிடம் காட்டவே கூடாது.

எம்ஆர்ஐக்குக் கதை வேறு. அங்கே உண்மையான ஆதாயம் முடிந்த படத்தில் இல்லை, படமாக மாறும் முன் ஸ்கேனர் பதிவு செய்யும் மூலத் தரவில் இருக்கிறது. அந்தத் தரவிலிருந்து படத்தை உருவாக்கும் கேட்ஜட்ரான் என்ற திறந்தமூல மென்பொருள் அதற்கு நல்ல துணை.

கன்சோலுக்கு மென்பொருள் அப்டேட் வந்தால் நம் கம்ப்யூட்டரின் ஏஇ டைட்டில் (டைகாமில் அதற்கு வைத்த பெயர்), ஐபி, போர்ட் மூன்றும் கன்சோல் படம் அனுப்பும் இடங்களின் பட்டியலில் அப்படியே இருக்கின்றனவா என்று அன்றே பார்த்துவிடுங்கள்.