பழைய ஃபைபர்கிளாஸ் காரவன்: வெளியே மழை நின்றாலும் உள்ளே நிற்காது

விலை இறங்கியிருக்கிறது, வாங்கலாமா என்று இங்கே தென்னாப்பிரிக்காவில் பீட்டர்மாரிட்ஸ்பர்க் நண்பர் ஒருவர் கேட்டிருந்தார். எழுபதுகளில் செய்த ஃபைபர்கிளாஸ் காரவன், அதாவது காருக்குப் பின்னால் இழுத்துப்போய்த் தங்குகிற வீட்டு வண்டி, ஏறக்குறைய என் வண்டியின் கூடப்பிறந்தது. வாட்ஸ்அப்பில் இரண்டு வரியில் பதில் சொல்ல முடியவில்லை. சொல்ல ஆரம்பித்தால் கோபம்தான் முதலில் வருகிறது, ஏனென்றால் என் வண்டியின் கூரை உள்துணியை உரித்து, சுரண்டி, மறுபடி ஒட்டி முடித்த எரிச்சல் இன்னும் அடங்கவில்லை, விரலிடுக்கில் பசையும் போகவில்லை. அதனால் விரிவாகவே எழுதிவிடுகிறேன். நீளம், எடை, டயர், 750 கிலோவைத் தாண்டினால் இழுத்துப்போக ஈபி வகை ஓட்டுநர் லைசென்ஸ் என்கிற சமாச்சாரமெல்லாம் தெரிந்தவர்களுக்குத்தான் இது. உட்புறத்தைப் புதுப்பிப்பது பற்றி மட்டும் பேசப்போகிறேன், அதிலும் பாதிக்கு மேல் ஒரே விஷயம்: தண்ணீர்.

முதலில் நியாயமாகச் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன். வண்டியின் இந்த ஃபைபர்கிளாஸ் வெளிக்கூட்டுக்கு, நாங்கள் ஓடு என்போம், நிகர் கிடையாது. மரச்சட்டத்தின் மேல் அலுமினியத் தகடு அடித்த பழைய காரவன்களைப் பார்த்திருப்பீர்கள். மூலை இணைப்பில் சீலன்ட் காய்ந்ததும் மழைநீர் உள்ளே இறங்கும், சட்டம் சத்தமில்லாமல் மக்கும், வெளியே பார்த்தால் பளபளவென்று இருக்கும், உள்ளே கையால் அழுத்தினால் விரல் உள்ளே போகும். ஃபைபர்கிளாஸில் அந்தக் கதை இல்லை. என்னுடையது அச்சில் வார்த்த மேல் பாதி, கீழ் பாதி, நடுவில் ஒரு பட்டை, அவ்வளவுதான். ஜன்னல், கூரைத் திறப்பு, விளக்கு மாட்டிய துளை தவிர தண்ணீர் நுழைய வழியே இல்லை. 2022 ஏப்ரலில் டர்பனில் பெய்த மழை எல்லோருக்கும் ஞாபகம் இருக்கும், அதில் வீடு இழந்தவர்களும் ஆளையே இழந்தவர்களும் உண்டு. அதே டர்பனில், சாட்ஸ்வொர்த்தில், எங்கள் வீட்டுக் கூரையே இரண்டு இடத்தில் ஒழுகியது. முற்றத்தில் நின்ற காரவனுக்குள் போய்ப் பார்த்தால் தரை காய்ந்து கிடந்தது. அன்றைக்கு அதற்குப் பத்துக்குப் பத்து போட்டேன்.

ஆனால் வெளியிலிருந்து வராத தண்ணீர் உள்ளேயே உற்பத்தியாகும் என்பதை விற்கிறவர்கள் யாரும் சொல்ல மாட்டார்கள். ஓட்டின் கனம் மூன்று நான்கு மில்லிமீட்டர். வெளியே குளிர்ந்தால் உள்பக்கமும் உடனே குளிர்ந்துவிடும். உள்ளே 20 டிகிரி, ஈரப்பதம் 70 சதவீதம் என்று வைத்துக்கொண்டால், சுமார் 14 டிகிரிக்குக் கீழே இருக்கிற எந்தப் பரப்பிலும் நீர் படியும். ட்ராக்கன்ஸ்பர்க் மலையடிவாரத்தில் குளிர்கால இரவில் சுவர் 14 டிகிரியிலா நிற்கும்? உள்ளே தூங்குகிறவர்கள் மூச்சிலேயே ராத்திரி முழுக்க ஈரத்தை விட்டுக்கொண்டிருக்கிறோம். அதற்கு மேல் காஸ் அடுப்பு. ஒரு கிலோ காஸ் எரிந்தால் ஒன்றரை லிட்டருக்கும் அதிகமான தண்ணீர் ஆவியாக வெளியே வரும், பானையிலிருந்து வரும் ஆவி தனிக் கணக்கு.

இதை எனக்குப் புரியவைத்தது புரட்டாசி. செப்டம்பர் 24 ஹெரிடேஜ் டே, இங்கே பாரம்பரிய தின விடுமுறை, ஊரே பிராய் போட்டு, அதாவது நெருப்பில் இறைச்சி சுட்டு, புகைந்துகொண்டிருக்கும், நம் வீடுகளில் மட்டும் விரதம். அதே ட்ராக்கன்ஸ்பர்க் பக்கம் ராயல் நேட்டல் பூங்காவில் மஹாய் முகாமில் நிறுத்தியிருந்தோம். பக்கத்து வண்டிக்காரர் அன்போடு கொண்டுவந்து நீட்டிய போர்வோர்ஸ் இறைச்சித் தொத்திறைச்சியை வேண்டாமென்று சொல்லிவிட்டு, வெளியே மழை என்பதால் கதவைச் சாத்திக்கொண்டு சாதம், பருப்பு, மீலிஸ் என்கிற மக்காச்சோளம் எல்லாம் உள்ளேயே வேகவைத்தோம். சாப்பாடு அருமை. விடியற்காலையில் கூரையிலிருந்து சொட்டுச் சொட்டாக முகத்தில் விழுந்தது. மழை நின்று ரொம்ப நேரமாகியிருந்தது. ஒழுகுகிறது என்று என் மைத்துனர் டார்ச்சோடு வெளியே போய்க் கூரை மேல் தேடினார், பாவம். ஓட்டையே இல்லாத கூரை.

சரி, உள்வேலைக்கு வருகிறேன். முதல் புதுப்பிப்பை ஒரு பட்டறையில் கொடுத்துத்தான் செய்தேன். பெயர் வேண்டாம், ஏனென்றால் பாதி வேலையை அவர்கள் மாதிரி யாரும் செய்திருக்க முடியாது. இந்த வண்டிக்குள் நேர்கோடு என்று ஒன்று கிடையாது. சுவர் கூரையாக வளைகிறது, கூரை மூக்காக வளைகிறது, ரசமட்டம் வைத்துப் பார்த்தால் தச்சருக்குப் பைத்தியம் பிடிக்கும். அவர்களுடைய தச்சர் அட்டையில் மாதிரி வெட்டி, சுவரோடு வைத்துப் பார்த்து, மறுபடி சீவி, பிறகுதான் பிளைவுட்டில் கை வைத்தார். இன்றைக்கும் அலமாரிக்கும் சுவருக்கும் நடுவில் ஒரு தாள் நுழையாது. இன்னொன்றும் அவருக்குத் தெரிந்திருந்தது: இந்த மாதிரி வண்டியில் உள்ளே இருக்கிற அலமாரிகள்தான் கூரையைத் தாங்குகின்றன. எல்லாவற்றையும் ஒரே நாளில் கழற்றிப்போட்டால் கூரை மெல்ல இறங்கும், ஓடு விரியும், அப்புறம் கதவு பொருந்தாது. நிறையப் பேர் காலி ஓட்டைப் படம் எடுத்துப் போடும் ஆசையில் இதைச் செய்துவிட்டு, கதவில்தான் கோளாறு என்று கீலைத் திருகிக்கொண்டிருக்கிறார்கள். அவர் ஒரு பக்கம் முட்டுக்கொடுத்து மறுபக்கம் கழற்றினார். சுவரோடு பிளைவுட்டை இணைக்க ரிவெட்டை நம்பாமல், 40 நம்பர் உப்புத்தாளால் ஓட்டின் உள்பக்கத்தைச் சொரசொரப்பாக்கி, அசிட்டோனில் துடைத்து, கண்ணாடி இழைப் பாயும் ரெசினும் வைத்துப் பிடித்தார். அந்த இணைப்புகள் ஒன்றுகூட விடவில்லை. அந்த மனிதருக்குக் கோவிலில் ஒரு அர்ச்சனையே பண்ணலாம்.

அதே பட்டறையில் லைனிங், அதாவது கூரை உள்துணி, ஒட்டியவரைப் பற்றி அப்படிச் சொல்ல முடியாது. பின்பக்கம் மெல்லிய பஞ்சு வைத்த வினைல் துணி. கார் கூரைக்குப் போடுகிற அதே சரக்கு. அந்தப் பஞ்சு தண்ணீரைக் குடிக்கிற வகை. அதன் வழியாக ஈரம் போய்க் குளிர்ந்த ஓட்டில் படியும், துணி வினைல் என்பதால் திரும்பி வர வழியில்லை. பசை சாதாரண கான்டாக்ட் பசை. பிப்ரவரி வெயிலில் டர்பனில் காரவன் கூரையில் கை வைக்க முடியாது, அந்தச் சூட்டில் பசை இளகும். இளகி, நடுவில் கல்யாணப் பந்தல் துணி மாதிரி தொங்க ஆரம்பித்தது. முதலில் படுக்கை மேலே, அப்புறம் அடுப்பு மேலே. போய்க் கேட்டால், வண்டியை நிழலில் நிறுத்துங்கள் என்றார்கள். காரவனை நிழலில் நிறுத்துவதாம்! வீட்டுக்குள்ளேயே நிறுத்திக்கொள்ள நான் எதற்குக் காரவன் வாங்க வேண்டும்?

உரிக்கும்போதுதான் முழு லட்சணம் தெரிந்தது. பஞ்சு பழுப்புப் பொடியாகிக் கண், மூக்கு, தேநீர்க் கோப்பை எல்லாவற்றிலும் விழுந்தது. அதன் பின்னால் கறுப்புப் பூஞ்சணம். பொடி போனாலும் பசை போகாது, பசை போனாலும் அடியில் இருந்த பழைய பசை போகாது. கிரைண்டரில் கம்பிப் பிரஷ் மாட்டினால் சூட்டில் பசை உருகி இழுபடுகிறது, கைச்சுரண்டிதான் கதி. ஓட்டின் உள்பக்கத்தில் கண்ணாடி இழை நீட்டிக்கொண்டிருக்கும், முகமூடி, கையுறை, முழுக்கைச் சட்டை இல்லாமல் தொடாதீர்கள், அரிப்பு அடுத்த நாளும் விடாது. வேலை முடிந்து குளிக்கும்போது பச்சைத் தண்ணீரில் குளியுங்கள், வெந்நீர் வேண்டாம். ஜன்னல் ஓரத்தில் முன்பு யாரோ சிலிக்கான் அடைத்திருந்தார்கள். அது இருந்த இடத்தில் பசையும் பிடிக்காது, பெயின்ட்டும் பிடிக்காது. ஜன்னலுக்கு பியூட்டைல் டேப், அந்த ஒட்டுகிற ரப்பர்ப் பட்டைதான், போட வேண்டும், யார் என்ன சொன்னாலும்.

சுரண்டும் வேலையில் ஒரு நாள் பங்க் படுக்கைக்கு அடியில் தென்கடற்கரை முகாம் ஒன்றின் பழைய ரசீது கிடைத்தது, வெள்ளைக்காரக் குடும்பத்தின் பெயரில். பக்கத்து வீட்டு அங்கிளிடம் காட்டினேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு தேதியைப் பார்த்தவர், "இந்த வண்டி போன இடத்துக்கு அப்ப நாம பாத்திரம் கழுவத்தான் போயிருக்க முடியும்" என்றார். கடற்கரை, முகாம், பெஞ்ச் எல்லாவற்றையும் இனவாரியாகப் பிரித்துவைத்த சட்டம் 1990 வரை இருந்தது. ஃப்ரீ ஸ்டேட் மாகாணத்தில் இந்தியர் குடியிருக்கவே 1986 வரை தடை. நான் இப்போது அதே வண்டியை இழுத்துக்கொண்டு அந்த மாகாணத்தில் ஹாரிஸ்மித் ஊரைத் தாண்டி கோல்டன் கேட் பூங்கா வரை போய்ப் படுத்துவிட்டு வருகிறேன். ரசீதை அங்கிளே வைத்துக்கொண்டார், கேட்டால் தரமாட்டேன் என்கிறார்.

இந்த முறை நானே ஒட்டினேன். 10 மில்லிமீட்டர் கனத்தில், தண்ணீர் குடிக்காத மூடிய நுண்ணறை ஃபோம். அதன் மேல் எல்லாப் பக்கமும் இழுபடுகிற மெல்லிய கார்ப்பெட். பசை, அதிகச் சூடு தாங்கும் வகை, விலை இரட்டிப்பு, கொடுத்துத்தான் ஆக வேண்டும். ஃபோமுக்கும் ஓட்டுக்கும் நடுவில் காற்று நிற்கவே கூடாது, நின்றால் அங்கே நீர் கோத்துக்கொள்ளும், ஆகவே நடுவிலிருந்து ஓரத்துக்கு உள்ளங்கையால் அழுத்திக்கொண்டே போக வேண்டும். வளைவு அதிகமான மூலைகளில் ஃபோமை ஆப்புபோல வெட்டி எடுத்தால்தான் மடிப்பு விழாமல் படியும். கார்ப்பெட்டைத் தலைக்கு மேலே பிடித்து ஒட்ட மூன்று பேர் வேண்டும், அதில் ஒருவராவது உயரமாகவும் பொறுமையாகவும் இருக்க வேண்டும், எங்கள் வீட்டில் அப்படி ஒரே ஆளில் இரண்டும் கிடையாது. கூரைத் திறப்பை இரவிலும் ஒரு விரற்கடை திறந்து வைக்கிறோம். கீழே இருக்கும் காற்றோட்டத் துளைகளைக் குளிருக்குப் பயந்து யாரும் அடைக்கக் கூடாது, அது காஸுக்காகவும் வைத்தது. சமையலைக் கூடுமானவரை வெளியில்தான் வைத்துக்கொள்கிறோம்.

இவ்வளவு திட்டிய பிறகு இதையும் சொல்ல வேண்டும். லோட் ஷெட்டிங் என்கிற முறைவைத்த மின்வெட்டு மோசமாக இருந்த 2023-இல் இந்தக் காரவன்தான் எங்கள் வீட்டின் நல்ல அறை. 12 வோல்ட் பேட்டரி, விளக்கு, சின்ன விசிறி. கரண்ட் போனதும் மகள் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு முற்றத்துக்கு ஓடுவாள். பரீட்சைக்குப் படித்ததெல்லாம் அந்த மடக்கு மேசையில்தான். தைப்பூசக் காவடிக்கு வந்த உறவுக்காரப் பையன்களும் வீட்டுக்குள் படுக்காமல் அங்கேதான் படுத்தார்கள். பணம் போட்டு வீட்டில் ஒரு அறை கட்டியிருந்தால்கூட இவ்வளவு சண்டை வந்திருக்காது அதற்கு.

ஆகவே நண்பரே, வாங்க வேண்டாம். ஓட்டுக்குப் பத்துக்குப் பத்து, தச்சுவேலைக்குப் பத்துக்குப் பத்து, முற்றத்து அறையாக அதற்கு மேல், ஆனாலும் வேண்டாம் என்றுதான் இன்றைக்குச் சொல்லத் தோன்றுகிறது. அடுத்த மாதம் கேட்டால் வேறு மாதிரி சொல்லலாம். கேட்காமல் வாங்கத்தான் போகிறீர்கள் என்றால், போகும்போது கூரைத் துணியை உள்ளங்கையால் அழுத்திப் பாருங்கள். மொறுமொறுவென்று பொடிகிற சத்தம் வந்தால் பஞ்சு செத்துவிட்டது, அதைச் சொல்லி விலையை இன்னும் இறக்குங்கள். கதவை மூடித் திறந்து பாருங்கள், மேல் மூலையில் உரசினால் அலமாரியை யாரோ கழற்றி மாட்டியிருக்கிறார்கள். புதிதாக வெள்ளை பெயின்ட் அடித்து, "உள்ளே எல்லாம் புதுசு" என்று சொன்னால் இரண்டு மடங்கு சந்தேகப்படுங்கள். பெயின்ட்டுக்குச் செலவு பண்ணுகிறவர்கள் ஃபோமுக்குப் பண்ணுவதில்லை.

புது லைனிங் போட்ட பிறகு மஹாயில் ஒரு குளிர்காலம் பார்த்தாகிவிட்டது. காலையில் வெளியே புல் மேல் வெள்ளையாக உறைபனி, உள்ளே கூரை காய்ந்திருந்தது, சுவரும்தான். ஜன்னலின் அலுமினியச் சட்டம் மட்டும் இன்னும் அழுகிறது. அதற்கு உள்பக்கம் இன்னொரு அக்ரிலிக் தகடு வைக்க வேண்டும், அளவெடுத்து வைத்திருக்கிறேன், அந்தச் சட்டத்திலும் ஒரு நேர்கோடு கிடையாது. அதுவரை ஜன்னல் பக்கம் நான்தான் படுக்க வேண்டும் என்று வீட்டில் தீர்ப்பாகிவிட்டது, மேல்முறையீடு இல்லை.