க்ரூகரில் ஸ்டியரிங் யார் கையில்?

தென்னாப்பிரிக்காவின் க்ரூகர் தேசியப் பூங்காவில் வாடகைக் காரை நாமே ஓட்டிக்கொண்டு சிங்கத்தைத் தேடலாம். வாயிலில் கட்டணம் கட்டி, ஒரு வரைபடத்தை வாங்கிக்கொண்டால் போதும். ஆனாலும் முதல் தடவை போகிறவர்கள் ஒரு கேள்வியில் மாட்டிக்கொள்கிறார்கள்: சொந்தமாக ஓட்டுவதா, பூங்கா நிர்வாகத்தின் வழிகாட்டி வண்டியில் ஏறுவதா, பணத்தை இறைத்துப் பக்கத்துத் தனியார் காப்புக்காட்டுக்குப் போய்விடுவதா? மூன்றையும் பார்த்துவிட்டேன். என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பகலில் ஸ்டியரிங்கை யாரிடமும் கொடுக்காதீர்கள், இருட்டியபின் கொடுத்துவிடுங்கள்.

எல்லாம் கதவு நேரத்தால் வருகிற கணக்கு. தங்கும் முகாம்களைச் சுற்றி வேலி உண்டு. மாலையில் கதவு மூடியபின் சொந்த வண்டி வெளியே இருக்கக் கூடாது. குளிர்காலமான ஜூன், ஜூலையில் காலை 6 மணிக்குத் திறந்து மாலை 5.30க்கெல்லாம் மூடிவிடுகிறார்கள். சிறுத்தையும் கழுதைப்புலியும் இந்த அட்டவணையைப் பார்த்தா நடமாடுகின்றன? நிர்வாகத்தின் திறந்த வண்டிகள் மட்டும் விடிவதற்கு முன்பே கிளம்புகின்றன, கதவு மூடிய பிறகும் சுற்றுகின்றன. நீங்கள் கொடுக்கும் பணம் அந்த இருட்டுக்குத்தான்.

ஒரு மார்ச் மாத இரவு. கையில் கொடுத்திருந்த ஒளிவிளக்கை நாங்கள் புதர்களின் மேல் அலையவிட்டுக்கொண்டிருந்தோம். வழிகாட்டி சட்டென்று வண்டியை நிறுத்திப் பின்னால் எடுத்தார். விளக்கை வாங்கி ஒரு கிளையின் நுனியில் காட்டினார். வெளிறிய இலை போல ஏதோ ஒன்று. இன்னும் கிட்டே போனபோதுதான் தெரிந்தது, வாலைச் சுருட்டிக்கொண்டு தூங்கும் பச்சோந்தி. ஓட்டிக்கொண்டே அதைப் பிடித்த கண்ணுக்கு என்ன விலை கொடுத்தாலும் தகும். பகல் முழுவதும் தண்ணீரில் முதுகை மட்டும் காட்டிய நீர்யானை, அதே இரவில் சாலையோரம் மாடு மாதிரிப் புல் மேய்ந்துகொண்டிருந்தது.

பூங்காவுக்கு வெளியே உள்ள ஊர்களிலிருந்து வரும் சுற்றுலா ஜீப்புகளும் உண்டு. அவர்களும் வாயில் திறந்தபின்தான் நுழைய முடியும்; உங்கள் கார் போகும் அதே சாலையில்தான் போவார்கள். கார் ஓட்டத் தெரியாதவர்களுக்கு நல்ல வழி. மற்றவர்களுக்கு உயரமான இருக்கை ஒன்றுதான் லாபம்.

அந்த உயரத்தையும் அலட்சியமாகச் சொல்லிவிட முடியாது. மழைக்காலத்தில் புல் கார் ஜன்னல் மட்டத்துக்கு வளர்ந்துவிடும். பத்தடியில் சிங்கம் படுத்திருந்தாலும் தெரியாது. சின்னக் காரில் போகிறவர்கள் மே முதல் செப்டம்பர் வரையிலான வறண்ட மாதங்களில் போவது நல்லது. புல் காய்ந்திருக்கும், விலங்குகளும் தண்ணீரைத் தேடி வரும்.

சொந்த வண்டியின் பெரிய வசதி, நிற்கலாம் என்பது. லோயர் சாபி முகாமை ஒட்டி சன்செட் டாம் என்ற நீர்நிலை இருக்கிறது. அங்கே எஞ்சினை அணைத்துவிட்டு இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். முதலைகள் கரையில் வாயைத் திறந்தபடி கிடந்தன. தண்ணீர் குடிக்க வந்த இம்பாலா மான்கள் ஓர் அடி வைப்பதும் பின்வாங்குவதுமாக இருந்தன. வழிகாட்டி வண்டியில் இது நடக்காது. கூட வந்த ஒன்பது பேரில் யாராவது ஒருவர் “சிங்கம் எப்போது?” என்று கேட்டுவிடுவார். மொத்தமே ஏறக்குறைய மூன்று மணி நேரம். அதில் யாரை நொந்துகொள்வது?

சிரமமும் இல்லாமல் இல்லை. பூங்காவின் பரப்பு ஏறத்தாழ 20,000 சதுர கிலோமீட்டர். தார்ச்சாலையில் 50, மண்சாலையில் 40 கிலோமீட்டர் வேகம்தான் அனுமதி. தேடும்போது அதில் பாதிதான் ஓட்ட முடியும். குறித்த இடங்களைத் தவிர வேறெங்கும் இறங்கக் கூடாது என்பதால் காலைக் காபியை அளவோடு குடிப்பது நல்லது.

தனியார் காட்டைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். மேற்கு எல்லையில் இருக்கும் சாபி சாண்ட் என்ற தனியார் காப்புக்காட்டுக்கும் க்ரூகருக்கும் இடையிலிருந்த வேலியை 1993-இல் எடுத்துவிட்டார்கள். விலங்குகள் அங்குமிங்கும் போய்வரும். உங்கள் கார் போக முடியாது. அங்கே வண்டியின் முன்பக்க இருக்கையில் தடம் பார்ப்பவர் உட்கார்ந்திருப்பார், வழிகாட்டிகள் வயர்லெஸ்ஸில் பேசிக்கொள்வார்கள், சாலையை விட்டிறங்கிப் புதருக்குள்ளும் போவார்கள். சிறுத்தையைப் பார்க்க இதைவிட உறுதியான வழி இல்லை. ஆனால் ஓர் இரவுக் கட்டணத்தில் க்ரூகர் முகாமில் பல நாள் தங்கலாம். எனக்கு வேறொரு குறையும் இருந்தது: என் கண்ணுக்கு வேலையே இல்லை. பந்தியில் பரிமாறுவது போலச் சிறுத்தையைக் கொண்டுவந்து காட்டினார்கள்.

கடைசியாக, என் அசட்டுத்தனம் ஒன்று. இரண்டாம் நாள் சாலை நடுவே ஒரு யானை, கன்னத்தில் ஈரக்கோடு. தந்தம் இருக்கிறது, மதநீர் வழிகிறது, களிறுதான் என்று முடிவுகட்டி, வியர்க்க வியர்க்கக் காரைப் பின்னோக்கியே வெகுதூரம் ஓட்டினேன். மறுநாள் விடியற்காலைச் சவாரியில் இதைச் சொன்னபோது வழிகாட்டி சிரித்துவிட்டார். ஆப்பிரிக்க யானைகளில் பெண்ணுக்கும் தந்தம் உண்டு. பதற்றத்தில் அதற்கும் கன்னம் கசியும். மதமா என்று அறியப் பின்னங்காலைப் பார்க்க வேண்டுமாம்: மதம் பிடித்த களிறு என்றால் சிறுநீர் சொட்டிச் சொட்டி உள்தொடை நனைந்திருக்கும். “பின்வாங்கியது மட்டும் சரி, பெண்ணானாலும் வழிவிடத்தான் வேண்டும்” என்றார்.

விடியற்காலைச் சவாரியை முதல் நாளே வைத்திருந்தால் மூன்று நாளும் நான் யானையை வேறு கண்ணோடு பார்த்திருப்பேன்.