நாகர்கோவில் ஞாயிறு ஜென் அமர்வு: மெத்தை இருக்கிறது, ஒரு தாள் இல்லை

காலை 6 மணிக்கு மணி அடிக்கிறார்கள். 25 நிமிடம் சுவரைப் பார்த்து ஸாஸென் என்கிற உட்கார்ந்த தியானம், 10 நிமிடம் கின்ஹின் என்கிற மெது நடை, மறுபடி 25 நிமிடம். கட்டணம் கிடையாது. வடசேரியிலிருந்து பூதப்பாண்டி பஸ் ஏறினால் போதும்.

மெத்தைக்கு முழு மதிப்பெண். இலவம்பஞ்சு அடைத்த வட்ட மெத்தை. ஜப்பானிலும் இதற்கு வழக்கமாக அடைப்பது இந்தப் பஞ்சுதான். கீழே கோரைப்பாய், அதன்மேல் மடித்த ஜமுக்காளம். உட்கார உட்கார பஞ்சு படிந்துபோகும். மெத்தை தாழ்ந்தால் இடுப்பு பின்னால் சாயும், முட்டி தரையை விட்டு எழும்பும், முதுகு கூனும், கால் மரத்துப்போகும். இரண்டு மழைக்காலம் உள்ள நம்ம மாவட்டத்தில் பூசண வாடையும் சேரும். இங்கே மொட்டைமாடி வெயிலில் காயவைத்துத் தட்டி உப்பவைக்கிறார்கள். மெத்தையின் முன் பாதியில் மட்டும் உட்காருங்கள். முட்டி இரண்டும் பாயைத் தொட வேண்டும்.

குறை வேறிடத்தில். புதிதாக வருகிறவரிடம் “புத்தகம் எதுக்கு, சும்மா இருங்க” என்பதோடு நிறுத்திக்கொள்கிறார்கள். எழுத்தைச் சாராதது ஜென் என்ற வாக்கு போதிதர்மர் பேரில் வழங்குவது உண்மைதான். அவரே சீடர் ஹுய்கேயிடம் லங்காவதார சூத்திரம் என்ற பௌத்த நூலைக் கொடுத்தார் என்பதும் அதே மரபு சொல்லும் செய்திதான். சீனாவிலிருந்து 1227இல் திரும்பிய ஜப்பானிய ஜென் ஆசான் டோகென் முதலில் எழுதியவற்றில் ஒன்று, எப்படி உட்காருவது என்று சொல்லும் சிறு குறிப்பு. காது தோளுக்கு நேர், மூக்கு தொப்புளுக்கு நேர், நாக்கு மேலண்ணத்தில், கண் திறந்தபடி. அதில் தத்துவமும் உண்டு, ஆனால் உடம்பை விட்டு விலகாது.

அந்தக் குறிப்பு கையில் இல்லாததால்தான் தியானம் என்றதும் நம்மவர்கள் கண்ணை மூடிவிடுகிறார்கள். பத்தே நிமிடத்தில் தலை தொங்கும். வலது உள்ளங்கைமேல் இடது கையை வைத்து, கட்டைவிரல் நுனிகள் லேசாகத் தொட்டிருக்க வேண்டும். விரல் பிரிந்தால் தூக்கம் வருகிறது, அழுந்தி மேலே குவிந்தால் இறுக்கம். வெளிமூச்சை ஒன்று முதல் பத்துவரை எண்ணுவது. பதினான்கில் இருப்பது தெரிந்தால் நொந்துகொள்ளாமல் ஒன்றுக்குத் திரும்புவது. இத்தனையும் ஒரு தாளின் ஒரு பக்கத்தில் அடங்கும். அச்சடித்துக் கொடுக்கலாமே!

பின்னாலுள்ள அலமாரியில் கோஆன் தொகுப்புகள், அதாவது ஜென் ஆசான்கள் சீடர்களுக்குக் கொடுக்கும் புதிர் போன்ற கேள்விகளின் தொகுப்புகள், இருக்கின்றன. அவற்றைப் புதியவர்கள் இப்போது தொட வேண்டாம். கோஆனுக்கு, தனியறையில் சீடனின் பதிலைச் சோதித்துத் திருப்பி அனுப்பும் ஆசான் தேவை. இங்கே அப்படி ஒருவர் இல்லை. ஆளில்லாமல் படித்தால் அது விடுகதையாகிவிடும், மனமும் விடை தேடி அலையும்.

மூட்டுவலி உள்ளவர்கள் முன்கூட்டிச் சொன்னால் நாற்காலி போடுகிறார்கள். முதுகைச் சாய்க்காமல், பாதம் இரண்டும் தரையில் படிய உட்காருங்கள்.