செவரன்ஸ்: விற்ற ஆயுதம் திரும்பி வரும்போது

இரத்தக்களரியும் பகிடியும் ஒரே படத்தில் வந்தால் ஒன்று மற்றதைக் கெடுத்துவிடும் என்று சொல்கிறவர்களுக்கு நான் முதலில் போட்டுக் காட்டும் படம் செவரன்ஸ். 2006இல் வந்த பிரிட்டிஷ் படம். இயக்கியவர் கிறிஸ்தோபர் ஸ்மித், அவரோடு சேர்ந்து எழுதியவர் ஜேம்ஸ் மோரன். இதே பெயரில் பல வருடம் கழித்து ஓர் அமெரிக்கத் தொடர் வந்து பிரபலமாகிவிட்டதால் தேடும்போது ஆண்டையும் சேர்த்துத் தேடுங்கள்.

கதை சின்னது. பலிசேட் டிஃபென்ஸ் என்று ஓர் ஆயுதக் கம்பனி. அதன் விற்பனைப் பிரிவில் ஏழு பேர், ஹங்கேரியின் மலைக்காட்டுக்குள் இருக்கும் ஒரு விடுதிக்கு பஸ்ஸில் போகிறார்கள். வேலைக்கு அல்ல, ஒருவரோடு ஒருவர் ஒற்றுமையாகப் பழகவேண்டும் என்று கம்பனி அனுப்பிய பயணம். வழியில் மரம் விழுந்து கிடக்கிறது, மற்றப் பாதையால் வரமாட்டேன் என்று சாரதி இறக்கிவிட்டுப் போய்விடுகிறார், மிச்சத் தூரத்தை நடந்து போய் ஒரு பாழடைந்த வீட்டில் தங்குகிறார்கள். அந்தக் காட்டில் வேறு ஆட்களும் இருக்கிறார்கள்.

சுனாமிக்குப் பிறகு மட்டக்களப்பிலும் அம்பாறையிலும் என்ஜிஓவில் வேலை பார்த்தவர்களுக்கு இந்த ஏழு பேரையும் பார்த்த உடனே பிடிபட்டுவிடும். பாசிக்குடாப் பக்கம் ஒரு ஹோட்டலில் இரண்டு நாள் பயிற்சிப் பட்டறை, சுவரில் ஒட்டிய பெரிய வெள்ளைத் தாள், கலர் கலராக மார்க்கர், எல்லாரும் வட்டமாக நின்று பந்தை எறிந்து பெயர் சொல்லும் விளையாட்டு, அதற்குள்ளே யாருக்கு யாரைப் பிடிக்காது என்பது எல்லாருக்கும் தெரியும். அதே கூட்டம்தான் இது. எல்லாரையும் உற்சாகப்படுத்தப் பாடுபடும் கோர்டன் (அண்டி நைமன்), தலைமை தாங்கத் தெரியாத தலைவர் ரிச்சர்ட் (டிம் மக்கின்னர்னி), எதைப் பார்த்தாலும் ஏளனம் பண்ணும் ஹரிஸ் (டோபி ஸ்டீவன்ஸ்), மனச்சாட்சி உறுத்தும் ஜில், வேலையில் அக்கறை இல்லாத ஸ்டீவ் (டானி டயர்), எல்லாரையும் விட மூளை உள்ள மெகி (லோரா ஹரிஸ்), அமைதியான பில்லி. முதல் அரைமணி நேரம் பெரிதாக ஒன்றும் நடக்காது. அந்த அரைமணியைப் பொறுமையாகப் பாருங்கள். பின்னால் இவர்களில் ஒருவர் சாகும்போது நமக்கு வலிப்பதற்கான வேலை எல்லாம் அங்கேதான் நடக்கிறது.

அந்த வீட்டின் சமையலறையில் கிடைத்த, மாவுக்குள் இறைச்சி வைத்துச் சுட்ட ஒரு பண்டத்தை (மீட் பை) கோர்டன் சந்தோஷமாக எல்லாருக்கும் பரிமாறுகிறார். சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது ஒருவர் வாயில் ஒரு பல் அகப்படுகிறது, மனிதப் பல். நான் அந்த இடத்தில் நினைத்தது கலிங்கத்துப்பரணியை. 12ஆம் நூற்றாண்டில் செயங்கொண்டார் எழுதியது, ஏ.எல். படித்த பலருக்குப் பெயராவது ஞாபகம் இருக்கும். போர் முடிந்த களத்தில் பசித்த பேய்கள் கூழ் சமைக்கும். செத்தவர்களின் பல்லே அரிசி, முரசுதான் உரல், யானைத் தந்தம்தான் உலக்கை, கேடயத்தைச் சுளகாக வைத்துப் புடைக்கும். அப்புறம் குருட்டுப் பேய்க்கு ஊற்று, ஊமைப் பேய்க்கு ஊற்று என்று ஒவ்வொரு பேயாகக் கூப்பிட்டுப் பந்தி நடக்கும். வாசிக்கிறவருக்கு அருவருப்பும் சிரிப்பும் ஒன்றாக வரும், வரவேண்டும் என்றுதான் புலவர் எழுதியிருக்கிறார். ஆகவே இந்தக் கலவை வெள்ளைக்காரன் கண்டுபிடித்தது என்று யாரும் எனக்குச் சொல்ல வேண்டாம். ஆனால் பரணியின் சிரிப்பு வென்ற அரசன் பக்கம் நின்று சிரிக்கிற சிரிப்பு, செத்த கலிங்கத்து வீரனுக்கு அங்கே முகம் கிடையாது, பல் மட்டும்தான் இருக்கிறது. செவரன்ஸ் அதைத் திருப்பிப் போடுகிறது. ஆயுதத்தை விற்றவர்களை அந்த ஆயுதத்தின் முன்னால் கொண்டுபோய் நிறுத்தி, இப்போது சிரி பார்ப்போம் என்கிறது.

பிரிட்டிஷ்காரர்களுக்கு இந்த வகையில் நீண்ட பழக்கம் உண்டு. 1949இலேயே கைண்ட் ஹார்ட்ஸ் அன்ட் கொரோனெட்ஸ் என்று ஒரு படம், பிரபுப் பட்டத்துக்காக ஒரு குடும்பத்தையே ஒவ்வொருவராகத் தீர்த்துக்கட்டுபவனின் கதை, சாகிற எட்டு வேடத்தையும் அலெக் கின்னஸ் ஒருவரே செய்தார். அதில் இரத்தம் காட்டமாட்டார்கள். 1973இல் தியேட்டர் ஒஃப் பிளட், அதில் வின்சென்ட் பிரைஸ் தன்னைத் திட்டி எழுதிய நாடக விமர்சகர்களை ஷேக்ஸ்பியர் நாடகங்களில் வருகிற மாதிரியே கொல்வார், அங்கே இரத்தம் தாராளம். 2004இல் எட்கர் ரைட்டின் ஷோன் ஒஃப் த டெட். அதில் ஒரு இடத்தை நான் மறக்கவே மாட்டேன். நடைப்பிணம் (ஸோம்பி) கடித்ததை ஷோனின் அம்மா யாருக்கும் சொல்லாமல் மறைத்து வைத்திருப்பார். மற்றவர்களுக்குத் தொந்தரவு கொடுக்கக் கூடாது என்பதுதான் காரணம். அதுவரை சிரித்துக்கொண்டிருந்த படம் அந்த ஒரு நிமிடம் அப்படியே நின்றுவிடும், மகன் துப்பாக்கியோடு நிற்பான், நாங்களும் அவனோடு நிற்போம். இந்தப் படங்களில் பகிடிக்கு எஞ்சின் அந்த மரியாதைதான் என்பது என் அபிப்பிராயம். உயிர் போகிற நேரத்திலும் சபை நாகரிகத்தை விடாத ஆட்கள். செவரன்ஸிலும் அப்படித்தான், ஆபத்து வாசலுக்கு வந்துவிட்ட பிறகும் யார் தலைவர், யார் சொல்வதைக் கேட்பது என்று அலுவலகச் சண்டை ஓயாது.

சரி, முக்கியமான காட்சிக்கு வருகிறேன். இதற்குப் பிறகு வருவதில் கதையின் சில இடங்களைச் சொல்லித்தான் ஆகவேண்டும், தெரியாமல் பார்க்க விரும்புகிறவர்கள் கடைசிப் பந்திக்குப் போய்விடுங்கள்.

கோர்டனின் கால் கரடிப் பொறிக்குள் அகப்படுகிறது. இரும்புப் பல் வைத்த பெரிய பொறி. மற்றவர்கள் ஓடி வந்து இழுத்துத் திறக்கிறார்கள், கை வழுக்குகிறது, பொறி திரும்பவும் அதே காலில் மூடுகிறது. திரும்பத் திறக்கிறார்கள், திரும்ப மூடுகிறது. முதல் தடவை திடுக்கிடுவோம், அடுத்த தடவை நம்மை அறியாமல் சிரிப்பு வந்துவிடும், அதற்கடுத்த தடவை அந்தச் சிரிப்பு தொண்டையில் நின்றுவிடும். காரணம் கோர்டன் கத்துகிற கத்தல். அண்டி நைமன் அந்த இடத்தில் பகிடிக்காரராக நடிக்கவே இல்லை, வலியில் துடிக்கிற மனிதராகத்தான் நடிக்கிறார். சுற்றி நிற்பவர்களின் தடுமாற்றம்தான் பகிடி. கால் துண்டாகிவிட்ட பிறகு அதைப் பழுதாகாமல் வைக்கவேண்டும் என்று ஸ்டீவ், பிறகு திரும்பக் கிடைத்த பஸ்ஸில் இருக்கும் சின்ன பிரிட்ஜுக்குள் திணிக்கப் பார்க்கிறார், அது உள்ளே போகமாட்டேன் என்கிறது, சப்பாத்தைக் கழற்றிவிட்டுத் திணிக்கிறார். அவர் நல்ல மனதோடு, உதவி செய்யத்தான் பார்க்கிறார். இந்தக் காட்சி வேலை செய்வது அதனால்தான். யாரும் வலியைப் பார்த்து நக்கல் அடிக்கவில்லை. மோசமான இரத்தப் படங்களில் அடிபடுகிறவன் வெறும் பொம்மை, அதனால் பயமும் வராது, சிரிப்பும் வராது, சலிப்புத்தான் வரும்.

தலை துண்டிக்கப்பட்ட பிறகு சில நொடிகளுக்கு மூளை வேலை செய்யுமா என்று முன்பு ஒரு பேச்சு வரும். அந்தப் பேச்சுக்கு ஹரிஸுக்குப் பிறகு நேரடியாகப் பதில் கிடைக்கிறது, அவருடைய கண்ணாலேயே அதை நமக்குக் காட்டுகிறார்கள். அவ்வளவுதான் சொல்வேன். முதலில் ஒரு வார்த்தையை விதைத்துவிட்டுப் பிறகு அதை அறுவடை செய்யும் இந்தப் பழக்கம் படம் முழுக்க இருக்கிறது, இரண்டாம் தடவை பார்க்கும்போது இன்னும் நன்றாக இருக்கும்.

மிதிவெடிக் காட்சி வேறு கதை. ரிச்சர்ட் காட்டில் ஒரு வெடியை மிதித்துவிடுகிறார், சத்தம் கேட்கிறது, காலை எடுத்தால் வெடிக்கும் என்று அப்படியே நிற்கிறார். நாங்கள் கல்லடியில் ஒரு வீட்டில் ஐந்தாறு பேராக இருந்து பார்த்தோம், அதுவரை சிரித்த சிரிப்பு அங்கே நின்றுபோனது. கொக்கட்டிச்சோலைப் பக்கத்துத் தம்பி ஒருவன், “அண்ணன், அது மிதிச்சாலே வெடிச்சிரும், நிக்கவெல்லாம் விடாது” என்றான். அவன் சொன்னது உண்மை. ஆளைக் குறிவைத்துப் புதைக்கும் மிதிவெடி பெரும்பாலும் மிதித்த அழுத்தத்திலேயே வெடித்துவிடும். கால் வைத்துவிட்டு யோசிக்க நேரம் தருவது சினிமாவின் வெடி. படம் இலண்டனில் ஓடத் தொடங்கிய 2006 ஓகஸ்டில் இலங்கையின் கிழக்கில் சண்டை திரும்பவும் மூண்டிருந்தது, அந்த வருடக் கடைசியில் வாகரைச் சனம் ஊரை விட்டு வெளிக்கிட்டது, 2007 தொடக்கத்தில் படுவான்கரைச் சனம் மட்டக்களப்பு வாவியைத் தாண்டி வந்தது. அவர்கள் திரும்பிப் போக முதல் முகக் கவசம் போட்ட, கண்ணிவெடி அகற்றும் ஆட்கள் முழங்காலில் இருந்து மண்ணைச் சாண் சாணாகத் துழாவிப் பார்க்கவேண்டி இருந்தது. 2017இல்தான் மட்டக்களப்பு மாவட்டம் கண்ணிவெடி அற்றது என்று அறிவிக்கப்பட்டது. இதெல்லாம் தெரிந்த ஓர் ஊரில் இருந்து பார்க்கும்போது அந்தக் காட்சியின் பொய் உடனே தெரிகிறது. ஆனாலும் மக்கின்னர்னியின் முகத்தில் நான் குறை சொல்லமாட்டேன். இவ்வளவு காலமும் காகிதத்தில் கணக்காகப் பார்த்த சாமானை முதல் தடவையாகத் தன் காலுக்குக் கீழே உணர்கிற ஒரு விற்பனை அதிகாரி அங்கே நிற்கிறார். படத்தில் மிகச் சிறந்த நடிப்பு அதுதான்.

எனக்குப் பெரிய மனக்குறை ஒன்று இருக்கிறது. அந்தக் கொலைகாரர்கள் யார்? வீட்டில் கிடைக்கும் ரஷ்ய மொழிக் காகிதங்களில் தங்கள் கம்பனியின் முத்திரையைப் பார்த்துவிட்டு ஆளுக்கொரு கதை சொல்கிறார்கள். ஒன்று பழைய ஊமைப்படம் மாதிரி, ஒன்று போர்க் குற்றவாளிகள் பற்றி, ஸ்டீவ் சொல்வது தாதிமாரை வைத்து அவருடைய சொந்தக் கற்பனை. மூன்றும் பார்க்க நன்றாகத்தான் இருக்கின்றன. ஆனால் கடைசிவரை அந்த ஆட்கள் முகமூடிகளாகவே இருக்கிறார்கள். ஆயுதம் விற்றவர்களுக்கு ஏழு முகம், ஏழு குணம், ஏழு கதை. அந்த ஆயுதம் விழுந்த நாட்டு ஆட்களுக்கு ஒன்றும் இல்லை, கிழக்கு ஐரோப்பா என்றால் காடும் கத்தியும்தான் என்கிற மாதிரி. பரணியில் கலிங்கத்தானுக்கு நடந்தது இங்கே திரும்பவும் நடக்கிறது. ஒரே ஒரு ஆளுக்கு ஒரே ஒரு நிமிடம் பேச விட்டிருந்தால் இது எங்கேயோ போயிருக்கவேண்டிய படம். ஒரு ரொக்கெட் தவறிப்போய் எங்கே விழுகிறது என்பதை வைத்து வரும் பெரிய பகிடியிலும் இதே குறைதான். சுட்டவரின் முகம் தெரிகிறது, பட்டவர்களின் முகம் தெரியவில்லை, படம் நின்று பார்க்காமல் அடுத்த காட்சிக்கு ஓடிவிடுகிறது. கடைசி இருபது நிமிடம் வழமையான துரத்தல், மெகி ஒருத்திதான் அதைத் தூக்கி நிறுத்துகிறாள். பெண்களை வைத்து வரும் சில பகிடிகளை வெட்டியிருக்கலாம்.

இது பிடித்துப்போனால் அடுத்ததாக பென் வீட்லியின் சைட்சீயர்ஸைப் பாருங்கள், 2012இல் வந்தது. கரவன் வண்டியில் சுற்றுலா போகும் காதலர்கள், குப்பை போட்ட ஒருவரில் தொடங்கி ஆட்களைக் கொல்லத் தொடங்குவார்கள். செவரன்ஸை விட இரத்தம் குறைவு, மனதுக்குள் போகும் ஆழம் கூட.

பார்க்கப் போகிறவர்களுக்குச் சில விசயம். ஒன்றரை மணித்தியாலம் அளவில் முடிந்துவிடும். டானி டயரின் இலண்டன் தெருப் பேச்சு எங்கள் காதுக்கு லேசில் பிடிபடாது, ஆங்கில வசன வரி உள்ள பிரதியாகப் பார்த்து எடுங்கள், பாதிப் பகிடி வார்த்தையில்தான் இருக்கிறது. பிள்ளைகள் வீட்டில் நித்திரை கொண்ட பிறகு போடுங்கள். கூடப் பார்க்க வருகிறவர்களில் வெடியில் கால் கையை இழந்தவரோ, அப்படி ஒருவரைப் பறிகொடுத்தவரோ இருந்தால் பொறிக் காட்சியும் மிதிவெடிக் காட்சியும் வரும் என்று முதலிலேயே சொல்லிக் கேளுங்கள். வேண்டாம் என்றால் அன்றைக்கு வேறு படம் போடுங்கள்.